நெட்டை மாமா யாருடைய ஆள்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆனால் வலி போனதை ஒப்புக்கொண்டால் மாடிப்படி ஏறச் சொல்லிவிடுவேன் என்று பயந்து இன்னும் நொண்டிக்கொண்டிருக்கிறாள். சமையலறைக் குழாய் ஒரு மாதமாகச் சொட்டுகிறது, ஊருக்கெல்லாம் குழாய் போடுகிற மனுஷனுக்கு வீட்டுக் குழாய் மட்டும் கண்ணில் படவில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி என் மானத்தை வாங்குகிறாள். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் சொல்ல முடியாதது ஒன்று இருக்கிறது. போனில் பேசினால் நான் கத்துவேன், நீ இடையில் புகுந்து விளக்கம் சொல்வாய், அம்மா போனைப் பிடுங்கி அங்கே குளிரா வெயிலா என்று கேட்டு முடித்துவிடுவாள். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் பொறுமையாகக் கடைசிவரை படி.

பல் டாக்டர் கிளினிக்கில் தண்ணீர் இறங்கிய விஷயத்தை உன்னிடம் பாதிதான் சொன்னேன், முதலில் இருந்து சொல்கிறேன். கிளினிக்குக்கு நேர் மேலே இருக்கிற வீட்டில் குளியலறை, சமையலறை இரண்டுக்கும் பழைய குழாயைப் பிடுங்கிவிட்டுப் புதுசு போட்டது நாம்தான். வேலையைச் செய்தது நெட்டை மாமா. அவர் வேலை செய்கிற விதம் உனக்குத் தெரியும், முதலில் எல்லாக் குழாயையும், திருப்பத்தில் மாட்டுகிற எல்போவையும் ஒட்டுப்பசைச் சொல்யூஷன் தடவாமல் சும்மா செருகி நிறுத்திப் பார்ப்பார், அளவு சரியாக இருந்தால் ஒவ்வொன்றாக உருவி, சொல்யூஷன் தடவி, திரும்பச் செருகி ஒட்டுவார். அளவு தப்பவே தப்பாது, குழாய் வீணாகாது. இந்த வீட்டில் இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு மூலை, அதற்குள் அவருடைய உயரத்தை மடக்கி உட்காருவதே பெரும்பாடு. குளியலறைப் பக்கமிருந்து ஒட்டிக்கொண்டே வந்தவர், மூலையில் இருந்த எல்போவை அந்தப் பக்கமிருந்து வரும்போது ஒட்டிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார். சமையலறைப் பக்கமிருந்து ஒட்டிக்கொண்டே வந்தபோது, அதைத்தான் அந்தப் பக்கமிருந்தே ஒட்டிவிட்டோமே என்று நினைத்திருக்கிறார். அந்த ஒரு எல்போ வெறும் பிடிமானத்தில் நின்றுவிட்டது. நான் தண்ணீரை அழுத்தமாக ஏற்றிப் பிரஷர் டெஸ்ட் போட்டுப் பார்த்தேன், அதிலும் நின்றது. சுவரைப் பூசினோம், டைல்ஸ் ஒட்டினோம், வீட்டுக்காரர்கள் குடிவந்தார்கள், அப்போதும் நின்றது. பிறகு ஒரு நாள் அவர்கள் வெளியூர் போன சமயம் பார்த்துக் கழன்றுகொண்டது. இரண்டு நாள் தண்ணீர் ஓடியிருக்கிறது. கீழே கிளினிக்கின் கூரைப் பலகை முழுவதும் ஊறி நாற்காலியின் மேலே விழுந்துவிட்டது. விடுமுறை நாளாக இருந்ததால் நாற்காலியில் யாரும் வாயைத் திறந்து படுத்திருக்கவில்லை, அந்த அளவில் தப்பித்தோம்.

நெட்டை மாமா அன்றைக்கே சுவரை உடைத்து அந்த எல்போவைக் கையில் எடுத்துப் பார்த்தார். உள்ளே சொல்யூஷன் பட்ட தடமே இல்லை.  பிறகு வாளியை எடுத்துக்கொண்டு கீழே போய் இரண்டு நாள் கிளினிக்கைத் துடைத்தார், யாரும் சொல்லவில்லை. அறுபதைத் தாண்டிய மனுஷன், முழங்காலில் நின்று துணியைப் பிழிந்து பிழிந்து ஊற்றுகிறார், டாக்டர் பக்கத்தில் நின்றுகொண்டு போனில் தன் சேதத்துக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதற்குத்தானே இன்சூரன்ஸ் எடுத்தோம் என்று நான் தெம்பாகத்தான் இருந்தேன். எடுத்துக் கொடுத்தது உன் சித்தப்பா. என் கூடப்பிறந்தவன் ஏஜென்ட்டாக இருக்கும்போது வெளியாளிடம் எதற்குப் போக வேண்டும் என்று நினைத்தேன். நம் பிழைப்புக்குத் தகுந்த பாலிசி, வேலை நடக்கும்போதும் சரி, முடித்துக் கொடுத்த பிறகும் சரி, நம் ஆட்கள் செய்த தவறால் யாருடைய சொத்துக்குச் சேதம் வந்தாலும் கம்பெனி கொடுக்கும் என்று சொன்னான். எல்லா ஆட்களும் இதில் உண்டா என்று கேட்டேன். இருக்காங்க அண்ணே, கவலையை என்கிட்ட விடுங்க என்றான். கவலையை அவனிடம் விட்டால் அவன் அதை எங்கே விடுவான் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. இப்போது வீட்டுக்குக் கூப்பிட்டுக் கேட்டால், இரண்டு இளம் பிள்ளைகளின் பெயர்தான் இருக்கிறது, நெட்டை மாமா பெயர் இல்லை. ஏன்டா என்றேன். வயசானவரை எழுதினால் பிரீமியம் ஏறும், உங்களுக்கு மிச்சம் பிடிக்கத்தானே செய்தேன் என்று என்னிடமே நன்றியை எதிர்பார்த்து நிற்கிறான். செண்ட் வாசனையும், சட்டைப்பையில் பேனாவும், கக்கத்தில் பையுமாக அவன் நம் கூடத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கப் பொறுக்காமல் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து என்னோடு வேலை செய்கிற ஆள், இவன் எழுதிய தாளில் நம் ஆளே இல்லையாம்.

அடுத்து சேதத்தை மதிப்பிடக் கம்பெனியிலிருந்து சர்வேயர் வந்தார். உன் வயதுதான் இருக்கும், பளபளவென்று ஷூ. கல்யாணப் பெண்ணைப் போட்டோ எடுப்பது போல அந்த எல்போவை இப்படியும் அப்படியும் திருப்பி வைத்து எடுத்தார், எடுத்து முடித்ததும் சின்ன பாட்டிலிலிருந்து மருந்தைக் கையில் ஊற்றித் தேய்த்துக்கொண்டார். மூட்டு யார் போட்டது என்று கேட்டார். நெட்டை மாமா ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல், நான்தான் சார், ஒட்ட மறந்துட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்தப் பையன் முகத்தைச் சுளித்து, நீங்க ரொம்பப் பேசிட்டீங்க பெரியவரே என்றார். உண்மை சொன்னால் ரொம்பப் பேசியதாம். டாக்டர் சும்மா இருப்பாரா, அவரும் தன் பங்குக்கு, கிளினிக்கின் பின்பக்கம் தூசி படிந்து கிடந்த ஒரு ஓட்டை நாற்காலியை நகர்த்தி ஈரத்தில் கொண்டுவந்து போட்டுவிட்டு அதையும் சேதத்தில் சேர்த்துவிட்டார். அந்த மனுஷன் என் கடைவாய்ப் பல்லுக்குப் போட்ட கவசம் மூன்றாம் வாரமே கழன்று சோற்றோடு உள்ளே போய்விட்டது, கேட்டதற்கு நீங்கள் கடினமானதைக் கடித்திருப்பீர்கள் என்றார். அவருடைய மூட்டு கழன்றால் பல்லின் தப்பு, நம் மூட்டு கழன்றால் நம் தப்பு.

சர்வேயர் போகும்போது என்னைத் தனியாக அழைத்து விஷயத்தைச் சொன்னார். பாலிசியில் பெயர் இல்லாத நம் ஆள் செய்த தவறுக்குக் கம்பெனி ஒன்றும் கொடுக்காது. ஆனால் நாம் வேலையைப் பிரித்துக் கொடுத்த தனி ஒப்பந்தக்காரர் ஒருவர் தவறு செய்திருந்தால் அதற்கு இதே பாலிசியில் இடம் உண்டு. ஆகவே இந்தப் பெரியவர் உங்கள் ஆள் இல்லை, தனியாகக் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறவர் என்று ஒரு வரி எழுதி நானும் அவரும் கையெழுத்துப் போட்டால் டாக்டருக்கு முழுதும் கிடைத்துவிடும். உன் சித்தப்பா இதைக் கேட்டுக் கைதட்டாத குறை. எனக்கு ஏதோ உறுத்தியது. அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கூப்பிட்டேன். இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் பார்க்கிற வேலையில் நம் பெண்ணே இருக்கும்போது வேறு யாரைக் கேட்பது.

நீ சொன்னதை நான் மாற்றி எழுதுகிறேன் என்று நினைக்காதே, போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் வைத்திருந்தேன், அம்மா பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எழுதிக் குடுத்துடுங்கப்பா, மத்ததை கம்பெனி பாத்துக்கும் என்று நீ சொன்னாய். நான் விடவில்லை, டாக்டருக்குக் கொடுத்த பிறகு கம்பெனி நெட்டை மாமாவை ஒன்றும் கேட்காதில்லையா என்று கேட்டேன்.  லைன் போய்விட்டதோ என்று நான் போனை எடுத்துப் பார்த்தேன். அப்புறம் சொன்னாய்:

"அது வேற டிபார்ட்மென்ட்பா. அது நம்ம பக்கம் வராது."

நீ போனை வைத்த பிறகு அம்மா இருந்த காயை எல்லாம் நறுக்கி முடித்துக் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, இவ யார் வீட்டுல வளந்தா என்று மட்டும் கேட்டாள். 

மறுநாள் சர்வேயர் ஆபீசுக்கு நானே போய் அதே கேள்வியை நேராகக் கேட்டேன். கம்பெனி கொடுத்த தொகையைத் தவறு செய்தவரிடமிருந்து வசூலிக்கிற உரிமை கம்பெனிக்கு உண்டு, அது வழக்கம்தான், ஆனால் அது வேறு டிபார்ட்மென்ட் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கேயோ இருக்கிற நீயும் இங்கே இருக்கிற அந்தப் பையனும் ஒரே வாக்கியத்தை எங்கே கற்றுக்கொண்டீர்கள். அவர்கிட்ட என்னய்யா இருக்கிறது வசூலிக்க என்றேன். வீடு சொந்த வீடுதானே என்றார். கேட்காமலேயே அதை விசாரித்து வைத்திருக்கிறார் பார். இரண்டு அறையும் ஒரு குளியலறையும் உள்ள வீடு, ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் அத்தையும் கல் சுமந்து கட்டியது. நீ அங்கே போகிற அன்றைக்கு, பாப்பா ரூமில் குழாய் சொட்டினால் யாரைத் தேடும் என்று ஸ்பேனர் ஒன்றைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாரே, விமான நிலையத்தில் பிடுங்கிக்கொண்டார்கள் என்று நீகூட அழுதாயே, அந்த மனுஷனின் வீடு.

முப்பது வருஷமாக ஊரார் வீட்டுச் சாக்கடையில் தோள்வரைக்கும் கையை விட்டவன் நான். அடைத்துக்கொண்ட கக்கூஸ், செத்த எலி, முடிக்கற்றை, எதைப் பார்த்தும் நான் மூக்கைப் பொத்தியதில்லை, வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டால் போய்விடும். சர்வேயர் எழுதிக் கொடுத்த இந்த ஒரு வரித் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேனே, அந்த அருவருப்பு இன்னும் போகவில்லை. உன்மேலும் சித்தப்பாமேலும் மட்டும் கோபம் என்று நினைக்காதே. கையெழுத்துப் போடாவிட்டால் பட்டறை போகும், வேன் போகும் என்று நானும் இரண்டு நாள் கணக்குப் போட்டேன். நெட்டை மாமாவுக்கு நாமே பிறகு பின்பக்கமாக ஏதாவது செய்துகொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். குளிக்கும்போது அதை நினைத்தேன், எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் உன் சித்தப்பா வாயெல்லாம் பல்லாக வந்து நின்றான். கையில் அதே வரி எழுதிய இன்னொரு தாள், அதில் நெட்டை மாமாவின் கையெழுத்து. நான் சொன்னதாகச் சொல்லி அவர் வீட்டுக்கே போய் வாங்கி வந்திருக்கிறான். அவர் கண்ணாடியைத் தேடியிருக்கிறார், அதற்குள் இவன் பேனாவை நீட்டியிருக்கிறான், அண்ணன் கேட்டாருன்னா நான் என்னத்தைப் படிக்கிறது என்று அவர் போட்டுக் கொடுத்துவிட்டார். டீ வேறு கொடுத்து அனுப்பினார்களாம், அதையும் பெருமையாகச் சொல்கிறான். உட்கார்ந்து டீயைக் குடித்துவிட்டு அந்த வீட்டின் கூரைக்கே உலை வைத்துவிட்டு வந்திருக்கிறான். நான் அந்தத் தாளை வாங்கிக் கிழித்துப் போட்டேன். உன் சித்தப்பா என்ன செய்தான் தெரியுமா, குனிந்து துண்டுகளைப் பொறுக்கி, டேப் இருக்கா அண்ணி என்று உன் அம்மாவிடம் கேட்டான். அம்மா கதவைத் திறந்துவிட்டாள். அவன் அதற்குப் பிறகு வரவில்லை, வந்தாலும் செருப்பைக் கழற்ற வேண்டிய அவசியம் இருக்காது.

அன்றைக்கே கம்பெனிக்கு என் கையால் எழுதினேன். மூட்டுப் போட்டவர் என் ஆள், நான் கூலி கொடுத்து வேலைக்கு வைத்திருக்கிறவர், டெஸ்ட் போட்டுப் பார்த்தவன் நான், சுவரை மூடச் சொன்னவன் நான், பெயர் விட்டுப்போனது உங்கள் ஏஜென்ட் எழுதாமல் விட்டதால் என்று எழுதி அனுப்பினேன். வருந்துகிறோம் என்று ஆரம்பித்து ஒன்றும் கிடையாது என்று முடித்துப் பதில் வந்தது. அதில் வருந்துகிறோம் என்பதுதான் எனக்கு அதிகம் பிடிக்கவில்லை. யாரும் வருந்தியிருக்க மாட்டார்கள், மெஷின்தான் அச்சடித்திருக்கும். ஏஜென்ட் செய்ததை மேலே புகார் கொடுக்கலாம் என்கிறார்கள், கொடுத்திருக்கிறேன், அது நடக்கும்போது நடக்கட்டும். டாக்டரிடம் நானே போய், மாதாமாதம் தீர்த்துவிடுகிறேன், ஆனால் அந்த ஓட்டை நாற்காலி தண்ணீர் விழுந்த நேரம் பின்கட்டில் இருந்தது உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும் என்று சொன்னேன். பேனாவை எடுத்து அதைச் சேதக் கணக்கிலிருந்து அடித்துவிட்டார். வேனை விற்றாயிற்று. பட்டறையில் பாதியை ஒரு தச்சருக்கு விட்டிருக்கிறேன். மாடியில் உனக்கென்று எழுப்பிக்கொண்டிருந்த அறைகள் சுவரோடு நிற்கின்றன, இனிமேல் எப்போது கூரை போடுவேன் என்று தெரியாது. இதை உன்னைக் கேட்டுச் செய்யவில்லை, சொல்லிவிடுகிறேன், அவ்வளவுதான். உனக்கு அதில் வருத்தம் இருந்தால் எழுது, படிப்பேன்.

நெட்டை மாமா திரும்ப வேலைக்கு வருகிறார். வர மாட்டேன் என்றுதான் சொன்னார், என் கையை நானே நம்பலை என்றார். நான் போய் ரெண்டு வசவு கொடுத்துக் கூட்டிவந்தேன். இப்போது ஒவ்வொரு மூட்டையும் ஒட்டும்போது சத்தமாகச் சொல்ல வேண்டும், கூட இருக்கிற பிள்ளை அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. வீட்டுக்காரர்கள் உள்ளே ஏதோ மந்திரம் ஓதுகிறார்கள் என்று எட்டிப் பார்க்கிறார்கள். புது பாலிசி வேறு இடத்தில் எடுத்தேன், இந்தத் தடவை முதல் பெயரே அவருடையதுதான், பிரீமியம் ஏறினால் ஏறட்டும். முழுவதையும் அம்மா ஒரு தடவை வாய்விட்டுப் படித்தாள், நான் ஒரு தடவை படித்தேன், பிறகுதான் கையெழுத்து.

உன்மேல் எனக்கு அன்பு குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. உன் வேலையை விட்டுவிட்டு வா என்றும் சொல்லவில்லை, நீ கஷ்டப்பட்டுப் படித்து வாங்கிய வேலை. ஆனால் உன் மேசைக்கு எத்தனையோ தாள் வரும், தனி ஒப்பந்தக்காரர் என்று எழுதி ஒரு கிழவரின் கையெழுத்து இருந்தால், ஒரு போன் போட்டு, ஐயா உங்களுக்குக் கூலி யார் கொடுக்கிறார்கள் என்று கேள். வேறு டிபார்ட்மென்ட் என்று நினைக்காதே. அந்தப் பக்கமும் ஒரு வீட்டில் யாரோ டீ போட்டுக் கொடுத்திருப்பார்கள்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். கம்பெனி கையை விரித்த அன்று சாயங்காலம் நெட்டை மாமா பட்டறைக்கு வந்தார். என்ன செய்யப் போகிறோம் என்று இரண்டு பேரும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். திடீரென்று அவர் முகம் தெளிந்து, அண்ணே, நம்ம பாப்பா இன்சூரன்ஸ்லதானே இருக்கு, அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நல்ல வழி சொல்லியிருக்குமே, ஏன் கேக்கலை என்றார்.  அவளுக்கு வேலை அதிகம், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று கேட்கவில்லை என்றேன். அதுவும் சரிதான், பாவம் குழந்தை என்று சொல்லி எழுந்து போனார். இந்த விவகாரத்தில் எல்லாரும் என்னைச் சொல்லச் சொன்ன பொய்யைச் சொல்லவில்லை, அந்த ஒரு பொய்யைத்தான் சொன்னேன், அது உனக்காக.

நோய்நொடி இல்லாமல், மனசு கனக்காமல், செய்த வேலையை நினைத்துத் தூங்கப் போகிறவளாக நீ நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசியும் அம்மாவின் ஆசியும். மறக்காமல் இந்த வாரம் நெட்டை மாமாவைக் கூப்பிட்டுப் பேசு. என்ன பேசுவது என்பதை உன்னிடமே விடுகிறேன்.

இப்படிக்கு,
உன் மேல் கோபத்தோடும் அதைவிட அதிகப் பாசத்தோடும்,
அப்பா